மூணு நிமிஷம் நின்ற ஷிப்டு பஸ்

பேட்டரி பஸ் ஓட்ட வந்திருக்கிற தம்பிகளுக்கு,

போன வாரம் ஷெட்டில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். துண்டு போட்டீர்கள். நாலு வார்த்தை பேசுங்க என்றீர்கள். எனக்குப் பேச வரவில்லை. "பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கை தட்டினீர்கள். எனக்கு அசிங்கமாக இருந்தது. சொல்ல ஒன்று இருந்தது, சொல்லாமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நான் படித்தது ஆறாவது வரை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வண்டி விற்ற ஆள் வந்து விளக்கம் சொன்னார். புகையே கிடையாது என்றார். உங்களில் ஒருத்தர் எழுந்து, "கரண்டு எங்கேர்ந்து சார் வருது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நெய்வேலிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சிம்னியைப் பார்த்துக்கொண்டே பல் விளக்குகிறவர்கள் நாம்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அது இல்லை. டீசலோ பேட்டரியோ, நம் வண்டி விடுகிற புகை கொஞ்சம்தான். நம் வண்டியில் ஏறாமல் போனவன் விடுகிற புகைதான் அதிகம். அவன் ஏன் ஏறாமல் போனான் என்பதுதான் விஷயம். என் வண்டியில் ஏறாமல் போனவர்கள் என்னால்தான் போனார்கள். அதை எழுதுகிறேன்.

நான் ஓட்டினது வாடகை பஸ். மைன்ஸுக்குள் வேலை செய்கிற காண்ட்ராக்ட் ஆட்களைக் கூட்டிப்போக ஒரு முதலாளி விட்டது. காலை ஆறரைக்குக் குள்ளஞ்சாவடியில் எடுப்பேன். குறிஞ்சிப்பாடி, வடலூர், வடக்குத்து, கடைசியில் மைன்ஸ் கேட். ஏழே முக்காலுக்கு இறக்கிவிட வேண்டும். எட்டு மணிக்கு ஜெனரல் ஷிப்டு. எட்டு தாண்டி வருகைப்பதிவு மெஷினில் விரல் வைத்தால் அரை நாள் சம்பளம் போச்சு.

ஐம்பது சீட்டு. நாற்பத்தெட்டு பேர் வருவார்கள். வெல்டர், ஹெல்பர், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெண்கள், செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு. அது மாறாது. ஒருத்தர் லீவு போட்டால் அந்தச் சீட்டில் சாப்பாட்டுப் பைதான் உட்காரும்.

ஷிப்டு பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. அதனால் ஒரு வழக்கம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒருத்தர் தட்டுவார். தன் ஸ்டாப் ஆட்கள் எல்லோரும் ஏறியாச்சு என்றால் கடைசியாக ஏறி, பக்கத்துத் தகரத்தில் ரெண்டு தட்டு. அது விழுந்தால்தான் கியர் போடுவேன். யாரும் எழுதி வைத்ததில்லை. எனக்கு முன்னால் ஓட்டினவர் காலத்திலும் அப்படித்தான். தட்டாமல் எடுத்தால் அந்த ஸ்டாப்பையே அவமானப்படுத்தின மாதிரி.

குள்ளஞ்சாவடி தாண்டி ஏரிக்கரை ஸ்டாப். அங்கே தட்டுகிறது பாப்பாத்தி அக்கா. செடிக்குத் தண்ணீர் விடுகிறவர். கை ஒல்லி, தட்டு மட்டும் சுத்தியல் மாதிரி இருக்கும்.

அதே ஸ்டாப்பில் அஞ்சலை. கேன்டீன் வேலை. புருஷன் வெளியூர் போனவன் வரவில்லை. ரெண்டு பிள்ளை, ஒரு மாடு. அவள் தினமும் மூணு நிமிஷம் லேட். தினமும் என்றால் தினமும். பாப்பாத்தி அக்கா படியில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால் வைத்துக்கொண்டு, "வந்துகினு இருக்கா, வந்துகினு இருக்கா" என்று சொல்லிக்கொண்டே நிற்பார். நான் ரெண்டு நீள ஹாரன் கொடுப்பேன். அஞ்சலை கரை மேல் ஓடி வருவாள். ஏறுவாள். தட்டு விழும்.

எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. புருஷன் இல்லாத பெண்ணுக்காக நிற்கிறேன் என்று. "நம்ம டைவர் நல்ல மனுஷன்" என்று பெண்கள் பேசுவது கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். பிடித்திருந்தது. மறைப்பதற்கு இல்லை.

மூணு நிமிஷம் மூணு நிமிஷமாகவே இருந்தால் கெட்டதில்லை. வழியில் ரயில்வே கேட் இருக்கிறது. நேரத்துக்குப் போனால் திறந்திருக்கும். மூணு நிமிஷம் தாண்டினால் பாசஞ்சருக்காகப் போட்டுவிடுவான். பாசஞ்சர் போனதும் சில நாள் திறப்பான். சில நாள் எதிரே ஒரு கூட்ஸ் வரும். மூணு நிமிஷம் இருபது ஆகிவிடும். அப்புறம் நான் மிதித்துக்கொண்டு போக வேண்டும். முன்னால் சாம்பல் லாரி. முந்தவும் முடியாது. சில நாள் எட்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது போய் நிற்பேன், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சில நாள் எட்டு தாண்டிவிடும். மாசத்தில் நாலு நாள், அஞ்சு நாள்.

என் பக்கத்தில் என்ஜின் பெட்டி மேல் ராஜவேலு உட்காருவான். வெல்டர். வாய் சும்மா இருக்காது. கேட்டில் மாட்டிக்கொண்டால் அவன் ஆரம்பிப்பான்.

"அண்ணே, நமக்கு சம்பளம் மைன்ஸ்ல குடுக்குறாங்களா, இந்தத் தண்டவாளத்துல குடுக்குறாங்களா?"

"பேசாம வாடா."

"இல்லண்ணே, இங்கியே ஒரு மெஷினு வெச்சிட்டா நானு எறங்கி விரலு வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்காமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நான் கவனிக்கவில்லை. கேட் போட்டிருக்கும்போது பைக்காரர்கள் வருவார்கள். குனிவார்கள். வண்டியைச் சாய்ப்பார்கள். கேட் கட்டைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நாற்பத்தெட்டு பேரும் ஜன்னல் வழியாக அதைத் தினம் பார்த்தார்கள்.

ஒரு நாள் என்ஜின் பெட்டி காலி. கேட்டில் நிற்கிறேன், ஜன்னல் பக்கம் ஹாரன் சத்தம். ராஜவேலு. புது பைக், பாலிதீன் கூடப் பிரிக்கவில்லை.

"அண்ணே, நானு போயி விரலு வெச்சி, டீ குடிச்சி, உங்களுக்கு ஒரு டீ சொல்லி வெக்கிறேன். ஆறிப்போறதுக்குள்ள வந்துடுங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து நுழைந்து போனான். பஸ்ஸில் சிரித்தார்கள். ஆனால் வேறு மாதிரி சிரிப்பு. அடுத்த மாசம் இன்னும் நாலு பேர் வண்டி வாங்கினார்கள். அப்புறம் ஆறு பேர், அப்புறம் ஒன்பது பேர். தீபாவளி முடிந்து எண்ணினால் முப்பதுக்குக் கீழே.

வடக்குத்து தாண்டி மைன்ஸ் ரோட்டில் அந்த வருஷம் என்ன ஆச்சு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பஸ் போன இடத்தில் இருபது பைக். சாம்பல் லாரியை முந்த மண்ணில் இறங்குவார்கள். மண்ணில் இறங்கினால் புழுதி. புழுதி தெரியாமல் பின்னால் வருகிறவன் பிரேக் போடுவான். அவனுக்குப் பின்னால் நான். ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஓட்டினேன், காலை ஏழரை மணிக்கு. மைன்ஸ் கேட்டுக்கு எதிரே ஒருத்தர் தன் நிலத்தில் பைக் ஸ்டாண்டு வைத்திருந்தார். இடம் போதவில்லை என்று அங்கிருந்த புங்க மரங்களை வெட்டினார். மழை வந்தால் காண்ட்ராக்ட் பெண்கள் நிற்கிற இடம் அது. நான் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மரம் விழுகிறதைப் பார்த்தேன். யாரோ செய்கிற தப்பு என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மைன்ஸ் கேட்டில் ஒரு டைம்கீப்பர் இருந்தார். எங்கள் முதலாளி வைத்த ஆள். பஸ் வந்த நேரம், இறங்கின ஆள், ரெண்டையும் நோட்டில் எழுதுவார். அதிகம் பேச மாட்டார். எனக்கும் பேச்சு வராது. பல வருஷம் தலையாட்டலோடு சரி. ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"உக்காரு."

உட்கார்ந்தேன்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள முப்பது பேரு வரலன்னா இந்த டிரிப்பு கட்டு. முதலாளி சொல்லிட்டாரு. வடலூர்லேர்ந்து ரெண்டு வேன் வுடுவாங்க."

"குள்ளஞ்சாவடி ஆளுங்க?"

"அவங்க பாடு."

எனக்குத் தெரியும். குள்ளஞ்சாவடி பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தால் மைன்ஸ் கேட்டுக்கு எட்டரை ஆகும். பைக் இருக்கிறவன் வந்துவிடுவான். பைக் ஓட்டத் தெரியாதவர்கள், வாங்க முடியாதவர்கள், அந்தப் பெண்கள் பதினோரு பேர். அவர்களுக்கு வேலை போச்சு.

"முப்பது பேரு எங்கேர்ந்துங்க வருவாங்க? எல்லாம் வண்டி வாங்கிட்டான்."

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். லேட்டான நாளெல்லாம் சிவப்பு மையில் இருந்தது. ஒவ்வொரு சிவப்புக்கும் அடுத்த வாரம் ஆள் குறைந்திருந்தது.

"ஏரிக்கரையில யாருக்கு நிக்கிற?"

சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு பஸ்ஸு இல்லாமப் பண்ணிகினு இருக்க. அவளுக்கு நின்னு நின்னு."

நோட்டை மூடிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு உட்கார முடியவில்லை. நின்றால் பஸ் போகும், பஸ் போனால் அவள் வேலையும் போகும். அவளை விட்டுவிட்டு எடுத்தால் அவள் வேலை மட்டும் போகும். எப்படிப் போட்டாலும் அவள் தலையில்தான் விழுந்தது. சாயங்காலம் முடிவு பண்ணிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என் சுபாவம் அப்படி.

திங்கட்கிழமை. ஏரிக்கரை. பெண்கள் ஏறினார்கள். பாப்பாத்தி அக்கா வழக்கம் போல ஒரு காலை ரோட்டில் வைத்துக்கொண்டு, "வந்துகினு இருக்கா" என்றார்.

"அக்கா, ஏறுங்க."

"வந்துகினு இருக்காய்யா."

"ஏறுங்கக்கா. எடுக்கப் போறேன்."

அவர் புரியாமல் ஏறினார். தட்டவில்லை. நான் கியர் போட்டேன். அந்தச் சத்தத்துக்கே பஸ்ஸில் பேச்சு நின்றுபோச்சு. கண்ணாடியில் அஞ்சலை தெரிந்தாள். கரையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கையை ஆட்டினாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள், முதலில் சிரித்தாள். அப்புறம் ஓடினாள். அப்புறம் நின்றாள்.

"நீயெல்லாம் நல்லா இருப்பியா?" பாப்பாத்தி அக்கா பின்னாலிருந்து கத்தினார். "அந்தப் புள்ள இன்னாய்யா பண்ணிச்சு உன்ன?"

ரயில்வே கேட் திறந்திருந்தது. தாண்டினேன். ஏழு நாற்பத்திரெண்டுக்கு மைன்ஸ் கேட். ஆம்பிளைகள் நிதானமாக இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். பெண்கள் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. டைம்கீப்பர் நீல மையில் எழுதினார்.

மறுநாள் செவ்வாய். ஏரிக்கரையில் அஞ்சலை இல்லை. கேட்டேன். பெண்கள் ஏறிப் போய் உட்கார்ந்தார்கள். பாப்பாத்தி அக்கா தட்டினார், ஒரே ஒரு தட்டு. எடுத்தேன்.

நேரத்துக்குத்தான் போனேன். அன்றைக்கு ஏதோ கூட்ஸை முன்னால் விட்டார்கள், கேட் போட்டிருந்தது. நின்றேன். என்ஜினை அணைத்தேன். இடது பக்கம் மண்ணில் ஒரு பைக் வந்தது. ராஜவேலு. பின்னால் அஞ்சலை, ஏரிக்கரைக்கே போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

கட்டைக்கு முன்னால் அவள் இறங்கினாள். அவன் வண்டியைச் சாய்த்து நுழைந்தான். தண்டவாளம் தாண்டிவிட்டான். அவள் குனிந்து நுழைந்தாள். சாப்பாட்டுப் பையின் வார் கட்டையில் இருக்கிற கொக்கியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. கட்டைக்கு உள்ளே, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பையோடு மல்லுக்கட்டினாள். ரயில்காரன் ஊதினான். அவள் பையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடப் பார்த்தாள்.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஹேண்ட் பிரேக் போட்டது மட்டும் ஞாபகம். கட்டைக்கு அடியில் கை விட்டு அவள் புடவையைப் பிடித்தேன்.

"வுடு!" என்று திரும்பினாள். "நேத்து வுட்டுட்டுப் போன இல்ல, இப்பவும் வுடு!"

விடவில்லை. கூட்ஸ் போச்சு. பெட்டி பெட்டியாகப் போச்சு. அது முடிகிற வரைக்கும் அவள் என் கையை அடித்துக்கொண்டே இருந்தாள். முடிந்தபோது அந்தப் பக்கம் ராஜவேலு நின்றிருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. வண்டியைக் கீழே போட்டிருந்தான்.

கேட் திறக்கவில்லை. எதிரே பாசஞ்சர் வர வேண்டும். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். ரோட்டிலேயே பஞ்சாயத்து ஆகிவிட்டது. டிரிப் கட்டாகப் போகிறது என்று அப்போதுதான் சொன்னேன். முப்பது பேர் கணக்கும் சொன்னேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

பாப்பாத்தி அக்கா என்னைப் பார்த்தார். "இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

அப்புறம் நான் அஞ்சலையைக் கேட்டேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. "நீ ஏம்மா தெனம் லேட்டு?"

"பாலு ஊத்துறேன். சொசைட்டிக்காரரு ஆறரைக்கு மேலதான் வராரு. ஊத்திட்டு ஓடியாறேன். பாலு ஊத்தலன்னா வூட்ல அடுப்பு எரியாது."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வாளி பால்.

"உன் ஓரகத்தியும் ஊத்துறா இல்ல?" என்றார் பாப்பாத்தி அக்கா. "அவ கையில குடுத்துட்டு வாயேன். ஒரு வாளி தூக்குற கை ரெண்டு வாளி தூக்காதா? உன் பாலு அட்டையையும் அவளே நீட்டிடுவா."

"அவகிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்."

வேலித் தகராறு. ரெண்டு வருஷமாகப் பேச்சு இல்லையாம், பக்கத்துப் பக்கத்து வூடு.

"நீ சாவாத. நானு கேக்குறேன்."

அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. அஞ்சலை சிரிக்கவில்லை.

அன்றைக்கு எட்டு மூணுக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லோருக்கும் அரை நாள் போச்சு. அஞ்சலைக்கு அரை நாளோடு போகவில்லை. திங்கள் வரவில்லை, செவ்வாய் லேட். காண்ட்ராக்ட் மேஸ்திரி கேன்டீன் வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். அவளைச் சாம்பல் கொட்டுகிற இடத்தில் கூட்டிப் பெருக்க அனுப்பினார். நான் போய் மேஸ்திரியிடம் கேட்டேன். தப்பு என்னுடையது என்றேன். "பஸ்ஸு கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டார். மறுபடியும் போனேன். அதே பதில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வூட்டில் இருக்க முடியாமல் சைக்கிளை எடுத்தேன். வண்டி வாங்கினவர்கள் வூடு ஒவ்வொன்றுக்கும் போனேன். முதலில் ராஜவேலு.

"பஸ்ஸுக்கு வாடா."

"அண்ணே, வண்டிக்குத் தவணை கட்டுறேன். வாசல்ல நிறுத்தி கற்பூரம் காட்டவா?"

அவன் சொன்னது நியாயம். தம்பிகளே, இதை நன்றாகக் கேளுங்கள். வண்டி வாங்கினவன் திரும்பி வருவது லேசில் நடக்காது. நாம் நேரத்துக்குப் போனால் தானாக வந்துவிடுவான் என்று நினைக்காதீர்கள். ஒரு ஆளை இழக்க ஒரு காலை நேரம் போதும். திரும்ப எடுக்க அவன் வாசலில் போய் நிற்க வேண்டும்.

நின்றேன். அவன் பெண்டாட்டி தண்ணீர் கொண்டு வந்தாள். அவளே கேட்டாள். "இவரு தூங்கும்போது ரயிலு ரயிலுன்னு கத்துறாருண்ணே, இன்னா ஆச்சு?"

ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் அவனே சொன்னான். "எங்க ஊருலேர்ந்து மெயின் ரோட்டுக்கு வரவே மூணு கிலோமீட்டர் நடக்கணும்ண்ணே. அதுக்கு வண்டி வேணும். அந்தாண்ட வேணாம்னா வேணாம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. வண்டியை விற்கச் சொல்ல வேண்டியதில்லை. ரோடு வரைக்கும் வரட்டும். குறிஞ்சிப்பாடியில் ஸ்டாப்புக்கு எதிரே ஒருத்தர் தறி போட்டிருந்தார். பின்னால் கீற்றுக் கொட்டகை, பாதி காலி. நேராக அங்கே போனேன். தறிச் சத்தத்தில் அவருக்கு நான் பேசுவது கேட்கவில்லை. நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வண்டிங்கள நிறுத்தணும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

"எத்தன?"

"தெரியல. எத்தன வந்தாலும்."

"தறிப் பாவு நூலு நனையாம நிறுத்துவாங்களா?"

"நிறுத்துவாங்க."

"அப்ப நிறுத்தட்டும்" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

மொத்தம் இருபது வூட்டுக்குப் போனேன். பதிமூணு பேர் முடியாது என்றார்கள். ஒருத்தர் நாயை அவிழ்த்துவிடாத குறை. ஏழு பேர் பார்க்கலாம் என்றார்கள். திங்கட்கிழமை குறிஞ்சிப்பாடியில் மூணு பேர் நின்றிருந்தார்கள். ராஜவேலு ஏறி என்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"ஒரு நாளு கேட்ல மாட்டுனாலும் நானு எறங்கிடுவேன்ண்ணே. இப்பவே சொல்லிட்டேன்."

"எறங்கு."

ஏரிக்கரையில் இனிமேல் ஆறு நாற்பதுக்கு எடுப்பேன், யாருக்காகவும் நிற்க மாட்டேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி நின்று சொன்னேன். அஞ்சலை அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நின்றிருந்தாள். பாலை ஓரகத்தி ஊற்றினாள் என்று பாப்பாத்தி அக்கா சொன்னார். அவர்களுக்குள் இன்னும் பேச்சு இல்லையாம். வாளியை வேலி மேல் வைத்துவிட்டு வருவாளாம், அவள் எடுத்துக்கொண்டு போவாளாம்.

அந்த மாசம் முழுக்கக் கண்ணாடியில் தலைகளைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். தினம் எண்ணுவேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. ஒரு நாள் முப்பத்தொன்று, மறுநாள் கல்யாண முகூர்த்தம் என்று இருபத்தைந்து. கடைசி வாரம் மழை பிடித்தது. மழையில் பைக் ஓட்டிச் சலித்த ரெண்டு பேர் தாங்களாகவே வந்தார்கள். டைம்கீப்பர் அந்தக் கடைசி வாரக் கணக்கைப் போட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். சராசரி முப்பதுக்கு ஒரு நூல் மேலே. அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிரிப் தங்கியது. அதற்கப்புறம் நாலு வருஷம் ஓட்டினேன். தறிக் கொட்டகையில் பத்துப் பதினைந்து வண்டி நிற்கும். ஸ்டாண்டுக்காரர் மேற்கொண்டு மரம் வெட்டவில்லை. மைன்ஸ் ரோட்டில் புழுதி குறைந்தது என்று சொல்ல மாட்டேன், லாரி அத்தனையும் அப்படியே இருக்கிறது. ஆனால் காலையில் ஹெட்லைட் போடாமல் ஓட்டினேன். அது எனக்குத் தெரியும்.

அஞ்சலை அந்த நாலு வருஷமும் என் பஸ்ஸில்தான் வந்தாள். ஒரு நாள் கூட லேட் இல்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூணாவது வரிசை ஜன்னல். சாம்பல் வேலைக்குப் போன ஆறு மாசத்தில் இருமல் வந்தது. அந்த இருமல் என் முதுகுக்குப் பின்னால் தினம் கேட்கும். முப்பது பேர் பேசினாலும் அது தனியாகக் கேட்கும். மூணாவது வரிசை தெரியாதபடி நான் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

கண் பார்வை குறைந்து நான் வேலையிலிருந்து நின்றுகொண்ட நாள், மைன்ஸ் கேட்டில் எல்லோரும் இறங்கும்போது கை கொடுத்தார்கள். பாப்பாத்தி அக்கா என் தலையில் கை வைத்தார். ராஜவேலு ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தான். அஞ்சலை கடைசியில் வந்தாள். பின்வாசலில் இறங்குகிறவள், அன்றைக்கு முன்வாசலுக்கு வந்தாள்.

"நீங்க அன்னைக்கு என்ன வுட்டுட்டு பஸ்ஸ எடுத்துகினு போனதுக்கு நானு ஒண்ணும் சொல்லலண்ணே" என்றாள். "நின்னுகினே இருந்தா பஸ்ஸு இருந்திருக்காது. அது எனக்குத் தெரியும்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மொத நாளு ஞாயித்துக்கிழம சாயங்காலம் வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நாளைக்கு நிக்க மாட்டேன்னு. நானு எப்படியாச்சும் வந்திருப்பனே."

அவள் இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பின்னால் வேன்காரன் ஹாரன் அடித்தான். கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.